தண்ணீருக்கு மேலே நாலடி

ஏரம்பு விதானையாருக்கு வழிந்தோடும் தண்ணீரைக் கண்டால் வயிறு எரியும். பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பக்கம். அங்கே ஆறு என்பது பாடப் புத்தகத்தில்தான். கிணறு ஒன்றே கதி. ஒன்பது வயதில் துலா மிதிக்க ஏறியவர். தகப்பன் கீழே நின்று பனையோலைப் பட்டையைப் பிடிக்க, இவர் மேலே துலாவில் முன்னும் பின்னும் நடந்து நடந்து புகையிலைக் கன்றுக்கு இறைத்த தண்ணீர் அது. வாய்க்காலில் நண்டு துளைத்து அரைப் பட்டைத் தண்ணீர் பக்கத்துக் காணிக்குப் போய்விட்டால் அன்றைக்குத் தகப்பனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்படி வளர்ந்த மனிதரைக் கொண்டுபோய் ஒரு குளத்துக்கு விதானையாக வைத்தார்கள்.

பாலைமுறிப்புக் குளம் முல்லைத்தீவு றோட்டிலிருந்து இரண்டு மைல் காட்டுக்குள்ளே இருந்தது. எந்தக் காலத்திலோ உடைந்து தூர்ந்து கிடந்ததை அரசாங்கம் மிசின் போட்டுத் திருத்தி, ஐம்பத்தோராம் ஆண்டு குடாநாட்டிலிருந்து நாற்பது குடும்பங்களைக் கொண்டுவந்து குளக்கட்டுக்குக் கீழே குடியேற்றியது. காடு வெட்டினார்கள், காய்ச்சலில் விழுந்தார்கள், எழும்பினார்கள், விதைத்தார்கள். பிறகு எல்லோரும் கூடி ஏரம்புவை வட்டவிதானையாகத் தெரிந்தெடுத்தார்கள். குளத்தின் மதகான துருசைத் திறப்பதும் பூட்டுவதும், முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் விடுவதும், தண்ணீர்ச் சண்டை வந்தால் நடுவில் நின்று ஏச்சு வாங்குவதும் விதானையின் வேலை. வேறு யாரும் அந்த வேலைக்கு ஆசைப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் மாரியில் குளம் நிறைந்து வான் பாய்ந்தது. குளம் கொள்ளாத தண்ணீர் தானாக வழிந்து போவதற்காகக் கட்டின் ஓர் ஓரத்தில் கல்லால் கட்டி விட்ட தாழ்வான வாயைத்தான் அங்கே வான் என்பார்கள். அயலில் இருந்த பழைய வன்னி ஊர்ச் சனம் வான் பாய்ந்தால் சந்தோஷப்படும். குளம் நிறைந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நிம்மதியாகப் படுக்கும். நமது ஆட்கள் அப்படியா? நாற்பது வீட்டுச் சனமும் வானடியில் போய் நின்று, இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது. எத்தனை துலா, எத்தனை பட்டை, எத்தனை மனிதரின் முதுகு! எல்லாம் சும்மா காட்டுக்குள் ஓடிக் கடலுக்குப் போகிறது. ஏரம்புவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அடுத்த வருடமே வானைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். முதலில் அரையடி உயரத்துக்குக் களிமண்ணும் தடியும். பிறகு ஓரடி. ஒன்றும் நடக்கவில்லை, கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கு இன்னும் பத்து ஏக்கர் கூடுதலாக விதைக்க முடிந்தது. ஐம்பத்தேழாம் ஆண்டு கார்த்திகையில் வீட்டுக்கு ஓராள், ஆளுக்கு ஆறு சாக்கு என்று கணக்குப் போட்டு, இரண்டரையடி உயரத்துக்கு மண்சாக்கு அடுக்கி மெழுகினார்கள். அளவு பார்த்தது ஏரம்புதான். வேலை முடிந்ததும் மேலே ஏறி நின்று காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை பெற்ற தகப்பன் மாதிரி சிரித்தார்.

வான் பாயாததால் இன்னொரு காரியமும் நடந்தது. வானுக்குக் கீழே தண்ணீர் ஓட விட்டிருந்த பள்ளம் நாலைந்து வருடமாகக் காய்ந்து கிடந்தது. அதை ஒட்டி ஏரம்புவின் தங்கை இலட்சுமியின் வயல். அவளுடைய புருசன் அப்புத்துரை கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தையும் வெட்டித் துப்புரவாக்கி வயலோடு சேர்த்துக்கொண்டான். அது ஒதுக்கு நிலம், விதைக்கக்கூடாது. வேறு ஆள் என்றால் விதானையார் குதித்திருப்பார். தங்கை குடும்பம் இரண்டு வருடம் மாறி மாறிக் காய்ச்சலில் கிடந்து பட்ட பாட்டைப் பார்த்தவர், கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டார். அந்த வருடம் பாலைமுறிப்பிலேயே நல்ல பயிர் அப்புத்துரையின் பயிர்தான். அவர்களுடைய மண்வீடும் அங்கேயே, குளக்கட்டுக்கு நேர் கீழே கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பள்ளத்து ஓரத்து மேட்டில் இருந்தது.

டிசம்பர் முதல் வாரக் கடைசியில் முல்லைத்தீவு நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர் மட்டம் பார்க்கிற கருவியோடு வந்தார். குளக்கட்டில் நடந்தார், கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார், குறித்துக்கொண்டார், மழை வரப்போகிறதென்று போய்விட்டார். பத்து நாள் கழித்து ஏரம்புவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலீசில்.

இங்கிலீசு என்றால் பாலைமுறிப்பில் போக வேண்டிய இடம் ஒன்றுதான். பரமலிங்கத்தார் மலாயா றெயில்வேயில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். மத்தியதர வகுப்பாருக்கு அரசாங்கம் கொடுத்த காணி என்று எட்டு ஏக்கர் எடுத்துக்கொண்டு, சாய்மனைக் கதிரையும் ஒரு பெரிய அகராதியுமாக வந்து சேர்ந்தவர். வெள்ளைக்காரத் துரை கையெழுத்திட்ட நற்சான்றுப் பத்திரம் சுவரில் தொங்கும். ஊரில் யாருக்கும் அவருடைய இங்கிலீசில் சந்தேகம் வந்ததில்லை, அவருக்கும் வந்ததில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை ஒருமுறை தனக்குள் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார்:

"உம்மட குளத்திலை பிறீபோட் ஒண்டரை அடியாய்க் குறைஞ்சு போச்சு எண்டு அறிக்கை கிடைச்சிருக்காம். அதை உடனடியாய் நாலடிக்குக் கொண்டுவந்து அறிவிக்கட்டாம். தவறினால் வாற சேதத்துக்கு நீர்தான் பொறுப்பாம்."

"பிறீபோட் எண்டால் என்னங்கோ?"

தனக்குத் தெரியாத சொல் ஒன்று உலகத்தில் இருந்தது என்பதை விழுங்கப் பரமலிங்கத்தாருக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. எழும்பி அகராதியை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது.

"இந்தா கிடக்கு. கப்பல், வள்ளம் இதுகளின்ரை பக்கத்திலை, தண்ணி மட்டத்துக்கும் மேல்தட்டுக்கும் இடையிலை வெளியாய்த் தெரியிற பாகம். அவ்வளவுதான் காணும். வேறை கருத்து ஒண்டும் போடேல்லை."

"கப்பலோ?"

"கப்பல்தான். துறைமுகக் கந்தோருக்குப் போக வேண்டிய கடுதாசியை எந்தக் கிளாக்கரோ மாறி உமக்கு அனுப்பிப்போட்டான். நான் றெயில்வேயிலை இருக்கேக்கை இப்பிடி எத்தினை கண்டனான். பேசாமல் வைச்சுக்கொண்டு இரும்."

மாலைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குளத்துக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் தெரியாத கந்தோர்! "விதானையார், கப்பல் எப்ப வெளிக்கிடுது?" என்று வயலுக்குள் நின்றவர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள். கப்பல் விதானை என்று பட்டமும் கட்டியாயிற்று. ஏரம்புவும் சிரித்தார். ஆனால் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டவர், அதைப் பெட்டிக்குள் போடவில்லை.

மனதுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. மாறி வந்த கடிதத்தில் தன் பெயரும் குளத்தின் பெயரும் எப்படிச் சரியாக வந்தன? சேதம் என்றால் என்ன சேதம்? எதை நாலடியாக்க வேண்டும்? வெட்டச் சொன்னால் வெட்டலாம், கட்டச் சொன்னால் கட்டலாம். ஒரு சொல்லை என்ன செய்வது? மழையோ விடாமல் பெய்தது. குளத்தில் நட்டிருந்த அளவுக் கட்டையில் தண்ணீர் நாளுக்கு நாலு விரல் ஏறி, வானில் அடுக்கிய சாக்குகளின் உச்சியைத் தொடப் பார்த்தது. ஊருக்கு அது கொண்டாட்டம். ஏரம்பு மட்டும் நாளுக்கு இரண்டுமுறை போய் அந்தக் கட்டையைப் பார்த்தார். ஆறாம் நாள் காலை முதல் பஸ்ஸில் முல்லைத்தீவுக்கு ஏறிவிட்டார்.

கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் இருந்தது. கந்தோரில் இஞ்சினியர் இல்லை. மழை கூடிவிட்டதால் குளங்களைப் பார்க்கப் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது என்றான் வாசலில் நின்ற பியோன். ஏரம்பு கொஞ்ச நேரம் தாழ்வாரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு ஒரு யோசனை வந்தது. கொஞ்சம் பைத்தியக்கார யோசனைதான். வள்ளத்துச் சொல் என்றால் வள்ளக்காரனைக் கேட்டால் என்ன?

மரியநேசனை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு அறுவடைக்கும் கருவாட்டு மூட்டையோடு பாலைமுறிப்புக்கு வந்து, நெல்லு மாற்றிக்கொண்டு போகிறவன். விசாரித்துக்கொண்டு நந்திக்கடல் என்ற உப்பங்கழி ஓரமாக நடந்தபோது, மரியநேசனின் மனைவி மதலேனா கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். மரியநேசன் அக்கரைக் காட்டிலிருந்து வள்ளம் நிறைய விறகு ஏற்றிக்கொண்டு, தடியூன்றி வந்துகொண்டிருந்தான். விறகு மலை மாதிரி இருந்தது. வள்ளத்தின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை.

"சொன்னால் கேக்கிற ஆள் இல்லை," என்று மதலேனா ஏரம்புவிடம் முறையிட்டாள். "நத்தாருக்குப் பலகாரம் சுட விறகு கேட்டனான். காட்டையே கொண்டு வாறார்."

தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல்தான் இருந்தது. வள்ளம் கரைக்கு ஐம்பது பாகத் தூரம் இருக்கும்போது தெற்கேயிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்றில்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத அலை ஒன்று எழுந்து வள்ளத்தின் விளிம்பில் சும்மா தட்டிவிட்டு உள்ளே போயிற்று. வள்ளம் இரண்டு விரல் தாழ்ந்தது. அடுத்த அலைக்கு அவ்வளவு சிரமம்கூட இருக்கவில்லை. மரியநேசன் தடியைப் போட்டுவிட்டு விறகைக் கை கையாக அள்ளித் தண்ணீருக்குள் எறிந்தான். பாதி விறகு போனபின்தான் வள்ளம் மேலே வந்தது. கரைக்கு வந்தபோது அவன் இடுப்பு வரை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மதலேனா சிலுவை போட்டுக்கொண்டு விறகு பொறுக்க இறங்கினாள்.

"வாங்கோ விதானையார். நெல்லு இன்னும் விளையேல்லையே, என்ன இந்தப் பக்கம்?"

"ஒரு சொல்லுக்குக் கருத்துக் கேக்க வந்தனான்."

"என்னட்டையோ? நான் கையெழுத்து வைக்கப் பெருவிரலைத் தேடுறவன்."

"வள்ளத்திலை தண்ணிக்கு மேலை தெரியிற பலகை இருக்கெல்லே. அதுதானாம். அது என்னத்துக்கு எண்டு சொல்லு."

மரியநேசன் தலையைத் துவட்டியபடி, வேடிக்கைக்காரரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தான். "இப்ப கண்டியள்தானே. தண்ணி சும்மா கிடக்கேக்கை அது தேவையில்லாத பலகை மாதிரித்தான் இருக்கும். அந்த இடத்துக்கும் சாமான் ஏத்தலாம் எண்டு ஆசை வரும். எனக்கே வந்துதே. ஆனால் அது கிடக்கிற தண்ணிக்கு விட்ட பலகை இல்லை, எழும்புற தண்ணிக்கு விட்டது. ஒரு அலை விளிம்பைக் கண்டு பிடிச்சிட்டால் போதும், மற்ற அலைக்கெல்லாம் அதுவே வழி காட்டிவிடும்."

ஏரம்புவின் மடியிலிருந்த கடிதம் சுட்டது. இரண்டரையடி நான் அடுக்கினேன். மிஞ்சினது ஒன்றரை. இரண்டும் சேர்ந்தால் நாலு. இந்தச் சின்னக் கூட்டல் ஆறு நாளாகத் தன் தலையில் ஏறவில்லையே என்று அவருக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது. குளக்கட்டில் தண்ணீருக்கு மேலே வெறுமையாகத் தெரிந்த அந்த நாலடியை, மிசின்காரன் தேவைக்கு மேல் கட்டிவிட்டான் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

"மரியநேசன், இதுவே மண்ணாலை கட்டின வள்ளம் எண்டால்?"

"மரம் நனைஞ்சால் காயும், விதானையார். மண் நனைஞ்சால் கரைஞ்செல்லோ போகும்." அவன் வானத்தைப் பார்த்தான். "இண்டைக்குக் காத்தைக் கவனிச்சியளோ? மார்கழியிலை அடிக்கிற வாடை இல்லை இது. விடியத் தொட்டுச் சுத்துது. நாங்கள் கடல் வள்ளமெல்லாம் மேட்டிலை ஏத்திப்போட்டம்."

பாலைமுறிப்புக் குளத்தின் கட்டு வடக்குப் பக்கம். ஒவ்வொரு மாரியிலும் வாடை வடக்கேயிருந்து வீசி, அலையைக் கட்டிலிருந்து காட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லை. கட்டின் பலம் என்று ஊர் நினைத்தது காற்றின் தயவு. இப்போது காற்று தெற்கே திரும்பினால்? ஏரம்பு மதலேனா நீட்டிய தேத்தண்ணியைக்கூட முழுக்கக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

பிற்பகல் மூன்று மணிக்கு அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே வானடிக்கு வந்தார். அப்புத்துரை மண்வெட்டியும் கையுமாக அங்கே நின்று, சாக்குகளின் இடுக்கில் கசிந்த இடத்துக்குக் களிமண் அப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் சாக்கின் உச்சிக்கு மூன்று விரல் கீழே தளும்பியது.

"மச்சான், கட்டினதைத் திறக்க வேணும். இப்பவே."

அப்புத்துரை முதலில் பகிடி என்று நினைத்தான். ஏரம்பு முல்லைத்தீவில் கண்டதைச் சொன்னார். விறகு வள்ளம், காற்று, நாலடி எல்லாம் ஒன்றுக்குமேல் ஒன்றாக, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது ஒரு குடிகாரனின் கதை மாதிரி இருந்தது.

"கருவாட்டுக்காரன் வள்ளத்திலை தண்ணி பூந்ததுக்கு எங்கட வானை வெட்டச் சொல்லுறியளோ?" அப்புத்துரையின் குரல் தாழ்ந்திருந்தது. "திறந்தால் தண்ணி எங்கை போகும் எண்டு தெரியும்தானே. பயிர் கதிர் தள்ளப் போற குடலைப் பருவம், மச்சான். இரண்டு வருசத்துக்குப் பிறகு அவள் இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறாள். நாளைக்கு ஊரைக் கூட்டிக் கதைப்பம். இலட்சுமியை ஒருக்கால் நினைச்சுப் பாருங்கோ."

"அவளைத்தான் நினைக்கிறன்."

அவர் அப்புத்துரையின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடித்து இழுத்தார். அவன் பிடியை விடவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏரம்புவுக்கு நாற்பத்தெட்டு வயது, அப்புத்துரை நல்ல பலசாலி. விரும்பியிருந்தால் தள்ளி விழுத்தியிருக்கலாம். மூத்த மச்சான்மேல் கைநீட்டப் பழகாத மனிதன். கையை விட்டுவிட்டான்.

ஏரம்பு நினைத்தது ஒன்று. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் வெட்டி, தண்ணீரை மெல்ல மெல்ல வடிய விட்டால், பள்ளத்தின் நடுவால் போய்விடும், வயலில் பாதியாவது தப்பும் என்று கணக்குப் போட்டார். மூன்று சாக்கை இழுத்தார். தண்ணீர் அந்த வழியால் அழகாகத்தான் போனது. பிறகு பக்கத்துச் சாக்கு ஒன்று தானாகச் சரிந்தது. அதைப் பிடிக்கப் போனார், அதற்குள் அடுத்தது. அரிந்த மண் கஞ்சி மாதிரிக் கரைந்தது. கால்மணி நேரத்துக்குள் நாற்பது வீட்டார் ஒரு வாரம் அடுக்கிய அத்தனையும் ஒரே முழக்கமாகப் பெயர்ந்து போயிற்று. அப்புத்துரை அவரை இடுப்பில் பிடித்துக் கரைக்கு இழுத்திருக்காவிட்டால் அவரும் போயிருப்பார். இழுத்தவன் அவரைக் கீழே போட்டுவிட்டு வயலை நோக்கி ஓடினான். ஓடி என்ன செய்ய? செம்மண் நிறத் தண்ணீர் பச்சைப் பயிருக்கு மேலே மணலையும் கல்லையும் உருட்டிக்கொண்டு பரந்தது. வீட்டுக் கோடிப்புறத்தில் இலட்சுமி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழும் சத்தம் ஏரம்புவுக்குக் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் அப்படி.

மறுநாள் விடிந்தபோதே வானம் கறுத்துக் கிடந்தது. காலை பத்து மணிக்குப் பிறகு அடித்த மழையும் காற்றும் அந்தத் தலைமுறை காணாதது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். ஏரம்பு மட்டும் சாக்கொன்றைத் தலையில் போட்டுக்கொண்டு குளக்கட்டில் நின்றார். வான் முழு வாயாலும் பாய்ந்தது. பாய்ந்தும் குளம் ஏறிக்கொண்டே இருந்தது. நடுப்பகலில் காற்று தெற்கே திரும்பியது. குளத்தில் அலை என்றால் சலசலப்பு என்றுதான் அவர் அறிவார். அன்றைக்கு அலைகள் வரிசை வரிசையாக வந்து கட்டில் மோதின. ஒவ்வொன்றும் மோதும்போது காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது. குப்புறப் படுத்து, கட்டின் உச்சியிலிருந்து கையை விட்டுப் பார்த்தார். பெரிய அலை ஏறின நுரை ஒரு சாண் கீழே நின்றது. ஒரே ஒரு சாண்.

இரண்டரையடி கூடுதலாக இருந்திருந்தால்? அவருக்குப் பயம் பிடித்தது. அதோடு ஒரு ஆசையும் வந்தது. யாராவது இதை வந்து பார்க்கட்டும். எழும்பி, வழுக்கி வழுக்கி இறங்கித் தங்கை வீட்டுக்கு ஓடினார். "மச்சான், ஒருக்கால் வந்து பார். ஒருக்கால் வந்து பார்த்திட்டுப் போ," என்று படலையைப் பிடித்து உலுப்பிக் கூப்பிட்டார். உள்ளே விளக்கு வெளிச்சம் தெரிந்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்து மழை விட்டதும் செய்திகள் வந்தன. அந்தக் குளம் உடைந்துவிட்டது, இந்தக் குளம் உடைந்துவிட்டது, அங்கே இத்தனை பேர் போய்விட்டார்கள். இனியாவது தன்னை விளங்கிக்கொள்வார்கள் என்று ஏரம்பு நினைத்தார். ஊர்க் கூட்டத்தில் நடந்தது வேறு.

"உடைஞ்சதெல்லாம் பழைய குளங்கள்," என்றான் ஒருவன். "எங்கட கட்டு கவுண்மேந்து மிசின் போட்டுக் கட்டினது. பார்த்தியள்தானே, இவ்வளவு வெள்ளத்துக்கும் ஆடாமல் அசையாமல் நிண்டிட்டுது. இதுக்குப் பயந்தே இரண்டரையடித் தண்ணியை விதானையார் கடலுக்கு அனுப்பினவர்?"

ஏரம்பு ஒரு சாண் என்று தொடங்கினார். கையை விரித்தும் காட்டினார். "கப்பல் விதானை கையால அளக்கிறார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, கூட்டம் சிரித்தது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் பாதி வயலுக்குத்தான் காணும் என்று சீட்டுப் போட்டார்கள். சீட்டு விழாதவர்கள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டொரு வருடத்தில் சட்டம் மாறி, விதானை வேலையே இல்லாமல் போய் விவசாயிகளின் கமக்காரர் குழு வந்தது. அதற்கு ஆள் தெரிந்தெடுத்த அன்று ஏரம்புவின் பெயரை யாரும் சொல்லவில்லை.

ஒரேயொருவர்தான் தன் பிழையை ஒத்துக்கொண்டார். தை நடுவில் இஞ்சினியர் வந்து கட்டைப் பார்த்துவிட்டு, குளப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவைத்துப் போனார். பரமலிங்கத்தார் அதை வாசித்தார்: பிறீபோட் நாலடி, திருப்தி. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வீட்டுக்குப் போய், அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'குளக்கட்டுக்கும் உண்டு' என்று பென்சிலால் எழுதிவைத்தார். ஏரம்புவைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார். ஊருக்கு முன்னால் சொல்லச் சொல்லிக் கேட்டபோது மட்டும், "அது வேண்டாம் காணும், சனம் இப்ப கோபத்திலை நிக்குது" என்றார்.

அந்தத் தை முழுக்க ஏரம்பு விடிந்ததும் தங்கையின் வயலுக்குப் போவார். யாரும் கூப்பிடவில்லை. முழங்கால் உயரத்துக்கு மூடிக் கிடந்த மணலை வெட்டிக் கூடையில் அள்ளி வரம்புக்கு வெளியே கொட்டுவார். மறு மூலையில் அப்புத்துரையும் அதே வேலையைச் செய்வான். இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சுமில்லை. இலட்சுமி புருசனுக்குக் கஞ்சி கொண்டுவருவாள், அண்ணன் நின்ற பக்கம் திரும்பாமல் போவாள். ஒரு மாதமாக அப்படித்தான்.

ஒருநாள் அவள் கஞ்சி வாளியோடு அவரிடமே வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். ஒரு கோப்பை வார்த்து நீட்டினாள். அவர் குடிக்கும் வரை நின்றாள். மெலிந்து, கண் உள்ளே போயிருந்தது.

"நானும் எவ்வளவோ யோசிச்சுப் பார்த்திட்டன் அண்ணை. நீங்கள் எனக்குக் கெடுதி நினைச்சுச் செய்திருக்க மாட்டியள் எண்டு மனம் சொல்லுது. ஆனால் குளம் உடையேல்லையே. அங்கை அது முழுசாய் நிக்குது. இஞ்சை என்ரை வயல் கிடக்கிற கோலத்தைப் பாருங்கோ." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உடைஞ்சிருந்தால் நான் உங்களை நம்பியிருப்பன்."

ஏரம்புவுக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உடைந்திருந்தால் முதலில் போவது அவளுடைய வீடு. அவளும் இல்லை, அப்புத்துரையும் இல்லை, நம்புவதற்கு அங்கே ஆளே இல்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெயிலில் நின்ற அவளுடைய முகத்தைப் பார்த்தார். உயிரோடு நிற்கிற ஒருத்தியிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப நீ நம்பாமலே இரு, பிள்ளை," என்றார்.

இலட்சுமிக்கு அது விளங்கவில்லை. இன்னும் கோபமாக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். கோப்பையை வாங்கிக் கழுவி வாளிக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவர் அவள் படலைக்குள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மண்வெட்டியை எடுத்தார்.